நாணலுக்கு நடுவே மிருதுச்செடி

கர்மேல் மலைமேல் எங்கள் பேருந்துக்கு 20 நிமிடம் கொடுத்தார்கள். புனித நாட்டுப் பயணம் போய்வந்தவர்களுக்குத் தெரியும், எந்த இடமாக இருந்தாலும் அந்த 20 நிமிடம்தான். ஹைஃபா நகரத்துக்கு மேலே ஸ்டெல்லா மாரிஸ் என்ற கர்மேல் சபை மடம். பீடத்துக்கு அடியில் எலியா தங்கியதாகச் சொல்லும் குகை, வாசலுக்கு எதிரே நெப்போலியனின் சிப்பாய்களுக்கு ஒரு நினைவுச்சின்னம், கீழே கடல். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா குகைச் சுவரில் கைவைத்துக் கண்மூடி நின்றார். நான் கடலைப் படம் எடுத்தேன். கழிப்பறை வரிசையில் பாதி நேரம் போனது. அப்புறம் ஏறிவிட்டோம்.

சில வருடங்கள் கழித்து வேறு எதையோ படிக்கும்போதுதான் தெரிந்தது, அந்த மடத்தில் ஏறக்குறைய 40 வருடம் வாழ்ந்த ஒருவர், தன்னை யூதர் என்று ஒப்புக்கொள்ளும்படி இஸ்ரேல் நாட்டின் மீதே வழக்குப் போட்டார் என்று. துறவியாக, பாதிரியாராக இருந்துகொண்டே. பயணிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக்காட்டும் வழிகாட்டி வேலையும் அவர் பார்த்திருக்கிறார். எங்கள் வழிகாட்டி அவர் பெயரைச் சொல்லவே இல்லை. 20 நிமிடத்தில் எலியாவையும் நெப்போலியனையும் முடிக்கவே நேரம் சரியாக இருந்தது, பாவம்.

ஓஸ்வால்ட் ரூஃபைசன் 1922-ல் போலந்தில் பிறந்தார். ஆஷ்விட்ஸ் என்று பின்னால் உலகமே அறிந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமம். பள்ளி வயதிலேயே சியோனிச இளைஞர் இயக்கத்தில் சேர்ந்து, பாலஸ்தீனம் போய்க் குடியேற வேண்டும் என்று இருந்த பையன். போர் வந்ததும் கிழக்கே ஓடினார். இன்றைய பெலாரஸில் இருக்கும் மீர் என்ற சிற்றூரில், ஜெர்மன் வம்சாவளி என்று பொய் சொல்லி, ஜெர்மானியரின் காவல் நிலையத்திலேயே மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். பகலில் அவர்களுடைய சீருடை. மறைவில் கெட்டோவுக்குள், அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்குள், இருந்தவர்களுக்குத் துப்பாக்கிகளைக் கடத்திக் கொடுப்பது.

1942 ஆகஸ்டில் கெட்டோவை அழிக்க நாள் குறித்திருப்பது அவர் காதுக்கு வந்தது. உள்ளே தகவல் சொல்லிவிட்டு, அன்றிரவு வேறொரு பக்கம் கொரில்லாப் படை வரப்போகிறது என்று மேலதிகாரியை நம்பவைத்துக் காவலர்களை அங்கே அனுப்பிவிட்டார். ஆகஸ்ட் 9 இரவு 200 முதல் 300 பேர் வரை காட்டுக்குள் தப்பினார்கள். தப்பாமல் நின்றவர்கள் நாலைந்து நாளில் கொல்லப்பட்டார்கள்.

விஷயம் வெளியே வந்தது. மேலதிகாரி விசாரித்தபோது, ஏன் செய்தாய் என்ற கேள்விக்கு, நான் யூதன் என்று சொல்லிவிட்டார் ரூஃபைசன். எப்படியோ அங்கிருந்து தப்பி ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்தார். அங்கே படிக்கக் கிடைத்தது புதிய ஏற்பாடு. ஒளிந்திருந்த இடத்திலேயே ஞானஸ்நானம் பெற்றார். அதன் பிறகு காட்டில் கொரில்லாப் படையோடு சில காலம். போர் முடிந்ததும் கர்மேல் சபையில் துறவி. பெயர் சகோதரர் தானியேல். கர்மேல் சபையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், அந்தச் சபைக்கு இஸ்ரேலில் மடம் இருந்தது. சிறுவயதில் போக நினைத்த ஊருக்கு இப்படியாவது போகலாம் என்று.

1959-ல் வந்தும் சேர்ந்தார். போலந்துக் குடியுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். அவருடைய தம்பி ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்.

1950-ல் இஸ்ரேல் நாடாளுமன்றம் இயற்றிய திரும்பும் உரிமைச் சட்டம், ஒவ்வொரு யூதருக்கும் இந்த நாட்டில் குடிவர உரிமை உண்டு என்று ஆரம்பிக்கிறது. யூதர் என்றால் யார் என்று அந்தச் சட்டம் அப்போது சொல்லவில்லை. ரூஃபைசன் அந்தச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தார், உள்துறை மறுத்தது. மற்ற வெளிநாட்டார் போல விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அது வேண்டாம், யூதனாகத்தான் வருவேன் என்று உச்ச நீதிமன்றம் போனார். என் மதம் கத்தோலிக்கம், என் இனம் யூதம் என்பது ஒரு வாதம். உங்கள் ரபிகளின் (யூத மதகுருக்களின்) சட்டப்படியே நான் யூதன்தான் என்பது இன்னொன்று.

இரண்டாவது வாதத்தைப் படித்தபோது இது செல்லாது என்றுதான் முதலில் நினைத்தேன். செல்லும் என்பது மட்டுமல்ல, அந்த வழக்கில் அசைக்க முடியாமல் நின்றதே அதுதான்.

யோசுவா புத்தகத்தில் ஆகான் கதை ஞாபகம் இருக்கும். எரிகோவில் எடுக்கக்கூடாததை எடுத்துக் கூடாரத்தில் புதைத்து வைத்தவன். அப்போது கர்த்தர், இஸ்ரவேலர் பாவஞ்செய்தார்கள் என்கிறார். யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூதில் இந்த இடத்துக்கு வரும்போது ஒரு ரபி நிறுத்தி, பாவம் செய்தும் இஸ்ரவேல் என்றே சொல்லியிருக்கிறது பாருங்கள் என்கிறார். கூடவே மக்கள் வழக்கில் இருந்த ஒரு சொலவடையும் வருகிறது: நாணலுக்கு நடுவே நின்றாலும் மிருதுச்செடி மிருதுச்செடிதான், அதன் பெயரும் மிருதுச்செடிதான். ஏசாயாவில் காஞ்சொறிக்குப் பதிலாக முளைக்குமே, அதே மிருதுச்செடி.

இதை மதம் மாறியவர்களுக்குச் சட்டமாகவே பொருத்தியதில் பெரிய பங்கு ராஷிக்கு. பிரான்சில் த்ருவா நகரத்தில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த ரபி. அவர் காலத்தில் இது ஏட்டுக் கேள்வியாக இல்லை. 1096-ல் முதல் சிலுவைப்போர்க் கூட்டம் ரைன் நதிக்கரை ஊர்களில் புகுந்து, ஞானஸ்நானமா சாவா என்று கேட்டது. பலர் செத்தார்கள், சிலர் தண்ணீரில் இறங்கினார்கள். மறுவருடம் நான்காம் ஹென்றி பேரரசர், திரும்ப விரும்புகிறவர்கள் யூத மதத்துக்குத் திரும்பலாம் என்று அனுமதித்தார். திரும்பியவர்களை ஊர் எப்படி ஏற்பது? மைன்ஸ் நகரத்து ரபி கெர்ஷோம் அதற்கு முன்பே ஒரு கட்டளை போட்டிருந்தார்: திரும்பி வந்தவரிடம் பழையதைக் குத்திக்காட்டக் கூடாது. அவருடைய மகனே மதம் மாறியவன் என்றும், அவனுக்காக 7 நாளுக்குப் பதில் 14 நாள் துக்கம் காத்தார் என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. கட்டளையின் தொனியைப் பார்த்தால் கதையை நம்பத்தான் தோன்றுகிறது.

ஆனால் ராஷியின் தீர்ப்பைக் கருணை என்று மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். ஒருவன் கிறிஸ்தவனாகிவிட்டான், மனைவி யூதராகவே இருக்கிறாள். அவன் யூதன் இல்லை என்றால் அவள் அன்றே சுதந்திரம். அவன் இன்னும் யூதன் என்பதால், யூத முறைப்படி விலக்குச் சீட்டு அவன் கையிலிருந்து வரும்வரை அவள் அவன் மனைவி. இன்னொன்று இதைவிடக் கொடுமை. பிள்ளையில்லாத விதவையை இறந்தவனின் சகோதரன் மணக்க வேண்டும், இல்லையென்றால் அவள் அவன் செருப்பைக் கழற்றி விடுதலை பெற வேண்டும் என்று உபாகமம் 25-ல் படித்திருப்போம். அந்தக் கொழுந்தன் மதம் மாறி எங்கேயோ போய்விட்டால்? முந்தைய காலத்து பாபிலோன் அறிஞர்கள் சிலர் சில சூழ்நிலைகளில் அவளை விட்டுவிடலாம் என்றார்கள். ராஷி ஒத்துக்கொள்ளவில்லை. அவனும் சகோதரன்தான், அவனைத் தேடிப்பிடித்துச் செருப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். மாறிப்போனவனிடம் வட்டி வாங்குவதையும் தடுத்தார், சகோதரனிடம் வட்டி கூடாது என்பதால்.

மாறியவனுக்குக் கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய ஆட்கள் எண்ணிக்கையில் இடம் இல்லை, அவன் சாட்சி செல்லாது. உரிமைகள் ஒவ்வொன்றாகப் போகும். கடமை மட்டும் போகாது. விலக்க முடியாத சொந்தக்காரனை ஒரு குடும்பம் எப்படி வைத்திருக்குமோ அப்படி.

இதைப் படித்தபோது எனக்குப் பவுல்தான் ஞாபகம் வந்தார். எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்பது வழக்கம். கலாத்தியர் நிருபம் வரும் வாரங்களில் எனக்கு வாய்க்கும் வசனத்தில் கட்டாயம் விருத்தசேதனம் இருக்கும். ஞாயிறு பள்ளி டீச்சரிடம் அர்த்தம் கேட்டேன். அது யூதர்களுடைய ஒரு சடங்கு, நீ அடுத்த வசனத்தைப் படி என்றார். பல வருடம் அதை ஒருவகைப் பொங்கல் வைப்பு என்றே நினைத்திருந்தேன். ஆண் பிள்ளையின் நுனித்தோலை நீக்கும் சடங்கு அது.

வளர்ந்த பிறகு படித்தால் அந்தக் கடிதம் ஒரு சட்டத் தகராறு. யூதரல்லாத ஊர்களில் கிறிஸ்துவை ஏற்றவர்கள் யூதர்களாகவும் ஆகவேண்டுமா? ஆக வேண்டும் என்று ஒரு கூட்டம் வந்து சொல்லியிருக்கிறது. பவுலின் பதிலில் ஒரு வரியை நான் வெகுநாள் கவனிக்காமலே தாண்டியிருக்கிறேன். விருத்தசேதனம் பண்ணிக்கொள்கிற எவனும் நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) முழுவதையும் நிறைவேற்றக் கடனாளி என்கிறார். பவுலை யூதச் சட்டத்துக்கு எதிரி என்று நாம் பிரசங்கங்களில் கேட்டுப் பழகியிருக்கிறோம். இந்த வரி அப்படிப் பேசவில்லை. இது அந்தச் சட்டத்தின் கனம் தெரிந்தவர் பேசுவது. உள்ளே வந்தால் பாதியில் எழுந்துபோக முடியாது, அதனால் விளையாட்டாக வராதே என்கிறார். ராஷி சொல்வதும் அதுதான், உள்ளே பிறந்தவனைப் பார்த்து.

எருசலேமில் கூடிய கூட்டமும் (அப்போஸ்தலர் 15) யூதரல்லாதவர்களுக்குத்தான் தளர்வு தந்தது: விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம், இந்த நாலையும் விலக்கினால் போதும். யூதராகப் பிறந்தவர்கள் சட்டத்தை விடவேண்டுமா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆறு அதிகாரம் தாண்டினால், விசுவாசிகளான யூதர் ஆயிரக்கணக்கானோர், எல்லோரும் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமுள்ளவர்கள் என்று யாக்கோபும் மூப்பர்களும் பவுலிடம் சொல்கிறார்கள். பவுலும் நாலு பேருடைய பொருத்தனைச் செலவை ஏற்றுக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறார்.

அப்புறம் எங்கே திரும்பியது? இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற அறிஞரிடம் இந்தக் கேள்வி வருகிறது: கிறிஸ்துவை நம்பிக்கொண்டே மோசேயின் சட்டத்தையும் கைக்கொள்ளும் யூதன் இரட்சிக்கப்படுவானா? மற்றவர்களைக் கட்டாயப்படுத்தாவிட்டால் இரட்சிக்கப்படுவான் என்பது என் கருத்து, ஆனால் அவனோடு பழகவே மாட்டோம் என்கிறவர்களும் நம்மில் உண்டு என்கிறார். 250 வருடம் போகிறது. ஜெரோம் பெத்லகேமிலிருந்து அகுஸ்தீனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இப்படிப்பட்டவர்கள் யூதராகவும் கிறிஸ்தவராகவும் இருக்க ஆசைப்பட்டு இரண்டாகவும் இல்லாமல் போனார்கள் என்று அதில் தீர்த்துவிட்டார். எனக்கு ஜஸ்டினுடைய தயக்கம் பிடித்திருக்கிறது. ஜெரோமின் வாக்கியம் சபைக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு கதை தலைகீழ். மாறுகிற யூதன் யூதத்தின் வாசனைகூட இல்லாமல் மாறியாக வேண்டும். 654-ல் ஸ்பெயினின் தொலேதோவில் ஞானஸ்நானம் பெற்ற யூதர்கள் அப்போது அங்கே ஆண்ட விசிகோத் இன அரசனுக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழி ஒன்று இருக்கிறது. ஓய்வுநாள் அனுசரிக்க மாட்டோம், விருத்தசேதனம் செய்ய மாட்டோம் என்று ஒவ்வொன்றாக வந்து, பன்றிக்கறியில் வந்து நிற்கிறது. பழக்கதோஷத்தால் அதைத் தின்ன முடியாமல் போனாலும் போகலாம், ஆனால் அதோடு சேர்த்துச் சமைத்த மற்றவற்றை அருவருப்பில்லாமல் சாப்பிடுவோம் என்கிறார்கள். அரசனுக்கு எழுதும் பத்திரத்தில் குமட்டலுக்கு ஒரு விதிவிலக்கு கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த வரியை எழுதியவனின் முகத்தை அடிக்கடி நினைத்துப்பார்ப்பேன்.

அதே தொலேதோவில் 1449-ல் அடுத்த கட்டம். இப்போது பன்றிக்கறி தின்றாலும் போதாது. யூத வம்சத்துக் கிறிஸ்தவர்கள் நகரப் பதவிகளில் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். இரத்தச் சுத்தம் என்று பெயர். போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலாஸ் அதே வருடம் கண்டித்தார். ஞானஸ்நானம் பெற்ற பிறகு பேதம் ஏது என்றார். கண்டனம் ஏட்டில் நின்றது, வழக்கம் மடங்களுக்குள்ளும் பரவியது.

இந்த இடத்தில் கதை நம் ஊருக்கே வருகிறது. தமிழ் அச்சு வரலாறு படித்தவர்களுக்கு அண்டிரிக் அடிகளாரைத் தெரியும். 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே வாழ்ந்து, தமிழ் இலக்கணம் எழுதி, 1600-ல் புன்னைக்காயலில் இறந்தவர். போர்ச்சுகலில் யூத வம்சத்தில் பிறந்தவர் அவர். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, அந்த வம்சத்தின் காரணமாகவே வெளியேற வேண்டியிருந்தது. அப்போது இயேசு சபையில் அந்தத் தடை இல்லை, அங்கே இடம் கிடைத்தது. 1593-ல் அந்தச் சபையும் யூத வம்சத்தாரைச் சேர்க்கக் கூடாது என்று விதி போட்டது. அடிகளாருக்கு அப்போது 70 தாண்டியிருந்தது. அந்த விதி முழுதாக நீங்கியது 1946-ல்.

தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அச்சிட்டவரை ஒரு மடம் எதற்காக வெளியே அனுப்பியது என்று பாடத்தில் இல்லை.

ரூஃபைசனுக்கு வருவோம். அவர் மீர் ஊர் யூதர்களைக் காட்டுக்கு அனுப்பிய அதே 1942 ஆகஸ்ட் 9-ம் தேதிதான் எடித் ஸ்டைன் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட நாளாகச் சொல்லப்படுகிறது. யூதக் குடும்பத்தில் பிறந்து, தத்துவம் படித்து, 1922-ல் ஞானஸ்நானம் பெற்று, ரூஃபைசன் பின்னால் சேரப்போகும் அதே கர்மேல் சபையில் கன்னியராக இருந்தவர். நெதர்லாந்து ஆயர்கள் யூதர்களை நாடுகடத்துவதைக் கண்டித்துக் கடிதம் வாசித்ததற்குப் பழிவாங்க, கத்தோலிக்க யூதர்களைத் தேடிப்பிடித்தார்கள். நாஜிக்களுக்கு ஞானஸ்நானம் ஒரு பொருட்டே இல்லை. 1998 அக்டோபரில் அவருக்குப் புனிதர் பட்டம் தந்தபோது, அவர் திருச்சபைக்காகச் செத்தாரா, யூதராகப் பிறந்ததற்காகச் செத்தாரா என்று யூதர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது.

1962 டிசம்பரில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகள், நாலுக்கு ஒன்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய மோஷே சில்பர்க் மதப்பற்று உள்ளவர், யூதச் சட்டத்தில் கரைகண்டவர். அவரே ஒப்புக்கொள்கிறார், ஹலாகா என்ற யூத மதச் சட்டத்தின்படி மாறிய யூதனும் யூதன்தான் என்று. இதை மதச் சட்டமாக எடுத்துக்கொண்டால் வழக்கு ரூஃபைசன் பக்கம். ஆனால் திரும்பும் உரிமைச் சட்டம் மதச்சார்பற்ற சட்டம். அதில் வரும் யூதர் என்ற சொல்லுக்குச் சாதாரண யூதன் என்ன பொருள் கொள்வானோ அதுவே பொருள். கிறிஸ்தவனாகிவிட்ட யூதனை ஊரில் யாரும் யூதன் என்று சொல்வதில்லை. இவர் இந்த நாட்டை நேசிப்பார்தான், ஆனால் அந்த நேசம் வெளியே நிற்கும் சகோதரனின் நேசம் என்று எழுதினார்.

இதை முதலில் படித்தபோது கோபம் வந்தது. 200 பேரைக் காப்பாற்றியவனிடம் இப்படியா என்று. பிறகு அந்த நீதிபதியின் இடத்தில் நின்று பார்த்தேன். விசிகோத் பத்திரம், தொலேதோ, ரைன் நதிக்கரை எல்லாம் அவர்களுக்கு வீட்டுக் கதை. ஞானஸ்நானத்துக்குத் தலை குனிவதைவிடச் சாவதே மேல் என்று போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். செத்தவர்களை நாம் என்ன சொல்வது என்ற கேள்வி அவர் எழுத்தில் எங்கும் கிடக்கிறது. கோபம் குறைந்தது, தீர்ப்பு சரி என்று இன்னும் தோன்றவில்லை.

மாறுபட்டு எழுதியவர் ஹாயிம் கோன். ரபிகளின் பள்ளியில் படித்துவிட்டு மத அனுஷ்டானத்திலிருந்து விலகியவர். நாடு நாடாக யூதர்களுக்குக் கதவை அடைத்துவைத்து, மதம் மாறினால் திறக்கிறோம் என்று சொன்ன காலம் இருந்தது. இப்போது சக்கரம் சுற்றி நம் வாசலில் ஒருவன் வந்து நிற்கும்போது நாமும் அதையே செய்வதா என்பது அவர் வாதத்தின் சாரம். மதப்பற்றுள்ளவர் மதச்சார்பற்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார், மதத்தை விட்டவர் திறக்கச் சொல்கிறார். வேறெந்த வழக்கிலும் இப்படி இடம் மாறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ரூஃபைசன் கடைசியில் எல்லா வெளிநாட்டாரையும் போல விண்ணப்பித்துத்தான் குடியுரிமை வாங்கினார். ஹைஃபாவில் எபிரேய மொழியில் திருப்பலி நிறைவேற்றினார். யாக்கோபு எருசலேமில் நடத்தினாரே, யூதர்களே கிறிஸ்தவர்களாக இருந்த சபை, அது மறுபடி முளைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெரிதாக ஒன்றும் முளைக்கவில்லை. 1998 ஜூலையில் இறந்தார்.

1970-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூத மதத்துக்கு மாறியவர், கூடவே வேறு மதத்தைச் சேராதவர், அவரே யூதர் என்று எழுதிவைத்தார்கள். அதே திருத்தத்தில் யூதரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வரும் உரிமை தந்தார்கள். யூதராக இருந்து தானாக விரும்பி மதம் மாறியவருக்கு மட்டும் கிடையாது. இந்த வாசகத்தை வைத்து 2008-ல் இன்னொரு வழக்கு முடிந்தது. இயேசுவை மேசியா என்று ஏற்றிருந்த சிலர், ஆனால் அவர்களுக்கு யூத உறவு தந்தை வழியில். தாய் யூதரில்லை என்பதால் அவர்கள் சட்டப்படி ஒருநாளும் யூதர்களாக இருந்ததில்லை, இல்லாத மதத்தை விட்டு மாறியதாகவும் ஆகாது, எனவே யூதரின் பிள்ளைகள் என்ற கணக்கில் உள்ளே வரலாம் என்று ஆனது.

ரூஃபைசனுக்கும் அப்பா மட்டும் யூதராக இருந்திருந்தால் இந்தக் கணக்கில் வந்திருப்பார், அங்கியும் ஜெபமாலையுமாக. அவருக்கு அம்மாவும் யூதர்.